ஆட்டம் முடிந்தபின் எழும் வழக்கு



றக்பி ஆட்டம் எண்பது நிமிடங்களில் முடிவடையும் என்று அதன் விதிநூல் கூறுகின்றது. ஆனால், அவ்வாட்டத்தை உயிரென மதிக்கும் நாடுகளின் மக்கள் இதனை ஒப்புக்கொள்வதில்லை. நடுவருடைய ஊதலின் ஒலி அடங்கிய மறுகணமே மற்றோர் ஆட்டம் அங்கே தொடங்கிவிடுகின்றது. எவன் நன்றாக ஆடினான், எவன் கெடுத்தான், எவனைத் தெரிவு செய்திருக்க வேண்டும், எந்த வேளையிற் பந்தை உதைத்திருக்க வேண்டும், எந்த வேளையிற் கையிலே கொண்டு ஓடியிருக்க வேண்டும் என்றெல்லாம் வழக்கு எழுகின்றது. வீடு திரும்பும் வழியிலே தொடங்கி, உணவு மேசையிலே தொடர்ந்து, மறுநாள் வேலைத்தலத்திலும் அது ஓய்வதில்லை. இந்த இரண்டாவது ஆட்டத்துக்கு நடுவர் இல்லை, விதிநூல் இல்லை, கால எல்லையும் இல்லை. சில வழக்குகள் நூறாண்டு கடந்தும் தீராமல் நிற்கின்றன.

நம் நாட்டிலும் கண்டியிலும் கொழும்பிலும் இவ்வாட்டம் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. 1945ஆம் ஆண்டு தொடங்கிய பிரட்பி கேடயப் போட்டி நடைபெறும் நாட்களில், றோயல் கல்லூரியினரும் திரித்துவக் கல்லூரியினரும் ஆடிய ஆட்டத்தைப் பற்றி முதியோரும் இளைஞரும் வாதாடுவதை நேயர்களுட் பலர் கேட்டிருப்பீர்கள். அவ்வாதமே ஒரு நாடு முழுவதையும் பற்றிக்கொண்டால் எப்படியிருக்கும்? அதனை அறிய வேண்டுமாயின் நியூசிலாந்துக்குச் செல்லவேண்டும். ஐம்பது இலட்சத்தைச் சற்றே மிஞ்சிய மக்களைக் கொண்ட அச்சிறு நாட்டில், கறுப்பு உடை தரித்த தேசிய அணியின் வெற்றி தோல்வி ஒவ்வொரு வீட்டின் விடயமாகும். ஆகவே, அந்நாட்டு ஆதரவாளர் எழுப்பிய சில வழக்குகளைக் கொண்டே இன்று நான் பேச எண்ணுகின்றேன்.

இத்தகைய வாதங்களைக் கூர்ந்து நோக்கினால், அவற்றுள்ளே மூன்று வினாக்கள் கலந்து கிடப்பதைக் காணலாம். நிகழ்ந்தது என்ன என்பது முதலாவது வினா. ஆடியோர் செய்த தெரிவு தக்கதா என்பது இரண்டாவது வினா. அதனைச் செய்த மனிதன் எத்தகையவன் என்பது மூன்றாவது வினா. முதல் இரண்டும் வழக்காடத் தக்கவை; அறிவை வளர்ப்பவை. மூன்றாவது வினாவுக்கு விடை கூற மைதானத்து ஓரத்தில் நிற்போருக்கு உரிமை இல்லை என்பது என் கருத்து. அக்கருத்தை நான் எவ்வாறு அடைந்தேன் என்பதை இறுதியிலே சொல்கின்றேன்.

றக்பியை அறியாத நேயர்களுக்காகச் சில சொற்கள். ஒவ்வோர் அணியிலும் பதினைவர் ஆடுவர். அவருள் எண்மர் முன்னணியினர்; எழுவர் பின்னணியினர். பந்தைக் கையாற் கொடுக்கும்போது முன்னோக்கிக் கொடுத்தலாகாது. எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து பந்தை நிலத்தில் ஊன்றினால் அது ட்றை எனப்படும். அதற்கு இன்று 5 புள்ளிகள். அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மேலும் 2 புள்ளிகள் பெறலாம். எதிரணியினர் குற்றம் புரிந்தாற் கிடைக்கும் தண்டனை உதைக்கு 3 புள்ளிகள். இரு பக்கத்து முன்னணியினரும் குனிந்து தோளோடு தோள் பிணைந்து ஒருவரையொருவர் தள்ளுவது ஸ்க்ரம். அந்தத் திரளுக்குள்ளே என்ன நடக்கின்றது என்பதை அதனுள்ளே நிற்பவர்தாமும் முழுதாக அறியார். வழக்கு எழுவதற்கு இதைவிட ஏற்ற விளையாட்டு வேறு இருக்க முடியுமா?

முதல் வினாவுக்கு ஓர் எடுத்துக்காட்டைக் கூறுகின்றேன். 1905ஆம் ஆண்டிலே நியூசிலாந்து அணி, டேவ் கலஹர் என்பாரைத் தலைவராகக் கொண்டு கடல் கடந்து வந்தது. பிரித்தானியத் தீவுகள், பிரான்ஸ், வட அமெரிக்கா ஆகிய இடங்களில் அவர்கள் ஆடிய ஆட்டங்கள் 35, வென்றவை 34. தோற்றது ஒன்றே ஒன்று. அது 1905ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 16ஆம் நாள் வேல்ஸ் நாட்டுக் கார்டிவ் நகரில் நடைபெற்றது. முற்பாதியில் டெடி மோர்கன் வேல்சுக்காக ஒரு ட்றை வைத்தார். அக்காலத்தில் அதற்கு 3 புள்ளிகளே உரியன. பிற்பாதியில் நியூசிலாந்தின் பொப் டீன்ஸ் என்ற இளைஞர் பந்தோடு எல்லைக்கோட்டை நோக்கிப் பாய்ந்தார்; கோட்டருகே மடக்கி வீழ்த்தப்பட்டார். தாம் கோட்டைக் கடந்து பந்தை ஊன்றிவிட்டதாகவும், பின்னரே வேல்ஸ் வீரர் தம்மை இழுத்துவிட்டதாகவும் அவர் கூறினார். ஓட்டத்தைத் தொடர்ந்து சற்றுப் பிந்தி வந்து சேர்ந்த ஸ்கொத்லாந்து நடுவர் ஜோன் டலஸ், பந்து கோட்டுக்கு இப்புறம் இருக்கக் கண்டார். ட்றை இல்லை என்றார். ஆட்டம் மூன்றுக்குப் பூச்சியம் என்ற கணக்கில் முடிந்தது.

வழக்கோ முடியவில்லை. பந்தைக் கோட்டுக்கு ஆறு அங்குலம் அப்பால் ஊன்றியதாக டீன்ஸ் இலண்டன் நாளிதழ் ஒன்றுக்குத் தந்தி அனுப்பினார். அவரைப் பிடித்த வேல்ஸ் வீரருள் ஒருவரான றீஸ் கேப், அவர் கோட்டை எட்டவேயில்லை என்று வாதிட்டார். வேல்சுக்கு வெற்றி தேடித் தந்த மோர்கனோ, அது ட்றைதான் என்று பிற்காலத்திலே நியூசிலாந்தினர் பக்கம் நின்று கூறினார். டீன்ஸ் 1908ஆம் ஆண்டிலே தமது இருபத்து நான்காம் வயதில் நோயுற்று இறந்தார். கலஹர் 1917ஆம் ஆண்டிற் போர்க்களத்தில் மாண்டார். அவர்களை நேரிற் கண்ட எவரும் இன்று இல்லை. ஆயினும், வேல்ஸ் நாட்டவரும் நியூசிலாந்தினரும் சந்திக்கும் இடத்தில் அந்த ஆறு அங்குலம் இன்றும் அளக்கப்படுகின்றது.

நம் முன்னோர் அறிவைப் பெறும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என மூன்றாக வகுத்தனர். டீன்ஸ் வழக்கிலே நமக்கு எஞ்சியிருப்பது உரை ஒன்றே. அவ்வுரைகளும் ஒன்றையொன்று மறுக்கின்றன. அவருள் எவரும் பொய் கூறினார் என்று கொள்ள வேண்டியதில்லை. ஓடி வந்தவர் ஒரு கோணத்தில் நின்றார். பிடித்தவர் ஒரு கோணத்தில் நின்றார். பின்னே வந்த நடுவர் மற்றொரு கோணத்தில் நின்றார். நல்லோர் பலர் ஒரே நிகழ்ச்சியை வெவ்வேறாகக் காணக்கூடும் என்பதே இவ்வழக்கு நமக்குப் புகட்டும் பாடமாகும்.

காண்டல் அளவை கைவந்தால் வழக்கு ஒழிந்துவிடும் என்று சிலர் எண்ணலாம். அதுவும் நடந்து பார்த்தாயிற்று. 102 ஆண்டுகளின் பின்னர், 2007ஆம் ஆண்டு ஒக்டோபர் 6ஆம் நாள், அதே கார்டிவ் நகரில், உலகக் கிண்ணக் கால் இறுதி ஆட்டத்தில் நியூசிலாந்து பிரான்சைச் சந்தித்தது. பிரான்ஸ் 20க்கு 18 என்ற கணக்கில் வென்றது. வெற்றிக்கு வழிவகுத்த ட்றைக்கு முன்னர் பந்து முன்னோக்கிக் கொடுக்கப்பட்டதைத் தொலைக்காட்சியிற் பல இலட்சம் மக்கள் கண்டனர். ஆனால், களத்தில் நின்ற இங்கிலாந்து நடுவர் வேய்ன் பார்ன்ஸ் அதனைக் காணவில்லை. அக்காலத்து விதிப்படி, அத்தகைய தவற்றைப் படம் பார்த்துத் தீர்க்கும் அதிகாரம் தொலைக்காட்சி நடுவருக்கும் இருக்கவில்லை. நிகழ்ந்தது என்ன என்ற வினாவுக்கு இம்முறை விடை தெளிவாகவே கிடைத்தது. தெளிவு கிடைத்ததனாற் சினம் தணிந்ததா? இல்லை, பன்மடங்காயிற்று. இருபத்தெட்டு வயதேயான அந்நடுவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. தவற்றைக் கண்டவர்கள் அதனோடு நிற்கவில்லை. தவறியவரையே தண்டிக்கப் புறப்பட்டார்கள். முதல் வினா மூன்றாவது வினாவாக மாறும் இடம் இதுதான்.

இனி, இரண்டாவது வினாவுக்கு வருவோம். செய்த தெரிவு தக்கதா? இதுவே ஆதரவாளர் வாதங்களுள் மிக்க சுவையும் பயனும் உடையது. 2023ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் அணி, களத்தில் ஆடும் பதினைவரைத் தவிர மாற்று வீரர் எண்மரை வைத்திருக்கலாம். வழக்கமாக அவருள் ஐவர் அல்லது அறுவர் முன்னணியினராகவும் ஏனையோர் பின்னணியினராகவும் இருப்பர். தென்னாபிரிக்க அணியைப் பயிற்றிய ஜக் நீனாபரும் றசி எரஸ்மஸும் ஏழு முன்னணியினரையும் ஒரேயொரு பின்னணி வீரரையும் வைத்தனர். ஸ்க்ரத்தில் தள்ளித் தள்ளிக் களைத்த எதிரணியினர்மேல், பிற்பாதியிலே களைப்பறியாத புதிய முன்னணியினரைக் கூட்டமாக இறக்கி அவர்களை நெருக்குவதே நோக்கம்.

வாதம் இருபுறமும் வலுவாக எழுந்தது. களைத்த உடல்மேற் புத்துடல் வந்து மோதுவது ஆபத்தானது, மாற்று வீரர் முறை காயமுற்றோருக்காக ஏற்பட்டதேயன்றிப் புதுப்படை இறக்குவதற்காக அன்று என்றனர் ஒரு சாரார். விதி எண்மரை அனுமதிக்கின்றது, அவர் எந்த வரிசையினர் என்பது அணியின் விருப்பம், மேலும், பின்னணி வீரர் இருவர் காயமுற்றாற் கெடப்போவது அவ்வணியே. தம் தலைமேல் தாமே ஏற்ற ஆபத்துக்குப் பிறர் குறைகூறுவானேன் என்றனர் மற்றச் சாரார். இரண்டும் நியாயமான வாதங்களே.

ஆனால், அவ்வுத்தியின் தரத்தை எதனைக் கொண்டு அளப்பது? பெரும்பாலோர் முடிவைக் கொண்டே அளந்தனர். உலகக் கிண்ணத்துக்குச் சற்று முன்னர், 2023 ஓகஸ்ட் 25ஆம் நாள் டுவிக்கன்ஹாமில், எதிர்பாராத காயம் ஒன்றின் காரணமாகக் கடைசி நேரத்தில் அமைந்த இதே ஏழுக்கு ஒன்று ஏற்பாட்டுடன் தென்னாபிரிக்கா நியூசிலாந்தை 35க்கு 7 என்று வென்றது. நியூசிலாந்து அதுவரை காணாத பெருந்தோல்வி அது. உத்தி மிகச் சிறந்தது என்றனர். செப்டம்பர் 23ஆம் நாள் பரிஸ் நகரில் அதே ஏற்பாட்டுடன் அயர்லாந்திடம் 13க்கு 8 என்று தோற்றது. உத்தி பிழையானது என்றனர். அன்று தென்னாபிரிக்கர் கம்பத்தை நோக்கி உதைத்தவற்றுட் பல தவறிப்போயின. அவற்றுள் தண்டனை உதைகள் இரண்டு சென்றிருந்தாலும் வெற்றி அவர்களுடையதே. தோல்விக்குக் காரணம் எழுவரை வைத்ததா, உதை தவறியதா? முடிவை மட்டும் பார்ப்போர் இவ்விரண்டையும் பிரித்தறிய மாட்டார்கள்.

இறுதி ஆட்டம் ஒக்டோபர் 28ஆம் நாள் பரிஸ் நகரையடுத்த தேசிய அரங்கில் நடைபெற்றது. எதிரணி நியூசிலாந்து. அங்கும் ஏழுக்கு ஒன்று. இங்கே ஒரு சிக்கலை நேயர்கள் கவனிக்க வேண்டும். ஸ்க்ரத்தின் முன்வரிசை நடுவிலே நின்று, பக்கக்கோட்டிலிருந்து பந்தை எறிபவர் ஹூக்கர் எனப்படுவார். அத்தொடரின் நடுவிலே தென்னாபிரிக்காவின் மல்கம் மார்க்ஸ் என்ற ஹூக்கர் காயமுற்றபோது, அவருக்குப் பதிலாக மற்றொரு ஹூக்கரை அழைக்காமல், உதைப்பதில் வல்ல ஹன்றே பொலாட்டை அழைத்தனர். அதனால் தேர்ந்த ஹூக்கர் ஒருவரே எஞ்சினார். அவர் பொங்கி எம்பொனாம்பி. இறுதி ஆட்டத்தின் தொடக்க நிமிடங்களிலேயே அவர் காயமுற்று வெளியேறினார். முப்பத்தேழு வயதான டியோன் பூரி ஏறக்குறைய ஆட்டம் முழுவதும் அவ்விடத்தை நிரப்ப நேர்ந்தது. பக்கக்கோட்டு எறிகளில் அணி இடர்ப்பட்டது. ஆனால், அன்று தென்னாபிரிக்கா பெற்ற 12 புள்ளிகளையும் தண்டனை உதைகளால் ஈட்டித் தந்தவர் அதே பொலாட். ஒரே தெரிவு ஒரே ஆட்டத்தில் அணியை வருத்தியும் இருக்கின்றது, காத்தும் இருக்கின்றது.

தென்னாபிரிக்கா 12க்கு 11 என்று வென்றது. நியூசிலாந்துத் தலைவர் சாம் கேன் முற்பாதியிலேயே சிவப்பு அட்டை பெற்று வெளியேற்றப்பட்டார். ஆடவர் உலகக் கிண்ண இறுதி ஆட்டமொன்றில் ஒருவர் சிவப்பு அட்டை பெற்றது அதுவே முதற்றடவை. எஞ்சிய பதினால்வரும் அயராது போராடி ஒரு ட்றையும் வைத்தனர். அதன்பின் றிச்சி மொவுங்கா உதைத்த உதை தவறியது. ஆட்டம் முடியும் தறுவாயில் ஜோர்டி பரெற் நெடுந்தூரத்திலிருந்து உதைத்த தண்டனை உதையும் தவறியது. இரண்டில் ஒன்று கம்பங்களுக்கிடையே சென்றிருந்தாலும் கிண்ணம் நியூசிலாந்துக்குப் போயிருக்கக்கூடும். அவ்வாறாயின், எழுவரை வைத்த பயிற்சியாளர்களை அறிவிலிகள் என்றல்லவா அதே மக்கள் கூறியிருப்பார்கள்? உத்தி மாறவில்லை, ஆடியவர்கள் மாறவில்லை, ஒரு பந்தின் போக்கில் ஒரு முழம் மாறியிருக்கும், அவ்வளவே. ஆகவே, தெரிவின் தரத்தை முடிவு மட்டும் காட்டாது. அத்தெரிவைச் செய்தபோது அவர்கள் அறிந்திருந்தவை எவை, அறிந்திருக்க முடியாதவை எவை என்று பிரித்து நோக்குவதே அறிவுடையார் வாதம்.

ஆட்டக்காரரின் திறனை அளக்கும்போதும் இதே கவனம் வேண்டும். அன்று சிறந்த வீரர் என மதிக்கப்பட்டவர், எதிரணியினரை 28 தடவை மடக்கி வீழ்த்திய பீற்றர்-ஸ்டெப் டு டொய்ற் என்ற முன்னணி வீரர். அவர் புள்ளி எதுவும் பெறவில்லை. உதைப்பவரின் தவற்றைப் பார்வையாளர் யாவரும் காண்பர். ஸ்க்ரத்தினுள்ளே தன் கழுத்தெலும்பால் அணியைத் தாங்குபவனின் உழைப்பை எவரும் காணார். மக்கள் கண்ணிற் படுவது ஒன்று. ஆட்டத்தை நிறுத்துவது மற்றொன்று. கண்ணிற் படாததைத் தேடிச் சொல்லும் ஆதரவாளனே சிறந்த ஆதரவாளன்.

இனி மூன்றாவது வினா. இதற்கு நான் மீண்டும் சற்றே பின்னோக்கிச் செல்ல வேண்டும். 2007ஆம் ஆண்டுத் தோல்வியின் பின் நியூசிலாந்துப் பயிற்சியாளர் கிரகம் ஹென்றியை நீக்க வேண்டுமென்ற குரல் வலுத்தது. உலகக் கிண்ணத்துக்கு முன் 22 வீரருக்கு உள்நாட்டுப் போட்டிகளிலிருந்து நீண்ட ஓய்வு கொடுத்தது குற்றம் என்றனர். பலர் விரும்பிய மாற்றுப் பயிற்சியாளர், அந்தப் பொப் டீன்ஸின் குடும்பத்திலே பின்வந்த றொபி டீன்ஸ். ஆனால், நிருவாகத்தினர் ஹென்றியையே மீண்டும் நியமித்தனர். றொபி டீன்ஸ் அவுஸ்திரேலிய அணிக்குப் பயிற்சியாளராகச் சென்றார்.

2010 ஒக்டோபர் 30ஆம் நாள் ஹொங்கொங்கில் இவ்விரு அணிகளும் சந்தித்தன. நியூசிலாந்து முன்னணியில் நின்றது. பெருவீரர் டான் கார்ட்டருக்குப் பதிலாக இறங்கியிருந்தவர் ஸ்டீவன் டொனால்ட். ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் அவர் உதைத்த பந்து பக்கக்கோட்டைக் கடக்காமல் களத்தினுள்ளேயே நின்றது. அவுஸ்திரேலியர் அதனைப் பற்றி முன்னேறினர். கடைசிக் கணத்தில் ஜேம்ஸ் ஓகொனர் ட்றை வைத்து, அதன் உதையையும் தாமே நிறைவேற்றினார். 26க்கு 24 என்று அவுஸ்திரேலியா வென்றது. அன்றிலிருந்து டொனால்டின் பெயர் தாய்நாட்டிலே நகைப்புக்கும் வசைக்கும் உரியதாயிற்று. அவர் அந்தச் சட்டையை அணியவே தகாதவர் என்று தீர்ப்பளித்தனர். அடுத்த ஆண்டு உலகக் கிண்ணத்துக்குத் தெரிவு செய்யப்பட்ட அணியில் அவர் பெயர் இல்லை. இங்கிலாந்தின் பாத் நகரக் கழகத்துக்குச் செல்ல அவர் ஆயத்தமானார்.

2011ஆம் ஆண்டு உலகக் கிண்ணம் நியூசிலாந்திலேயே நடைபெற்றது. கார்ட்டர் பயிற்சியின்போது காயமுற்றார். அவருக்கு அடுத்தவரான கொலின் சிலேட் கால் இறுதியிற் காயமுற்றார். மூன்றாமவரான ஏரன் குறூடனுக்குத் துணையாக நான்காமவர் ஒருவர் தேவைப்பட்டார். அழைப்பு வந்தபோது டொனால்ட் வைக்காற்றோ ஆற்றிலே பொடிமீன் பிடித்துக்கொண்டிருந்தார். ஒக்டோபர் 23ஆம் நாள் ஒக்லண்டில் பிரான்சுடன் இறுதி ஆட்டம். முற்பாதி முடியுமுன்னரே குறூடனும் முழங்காலிற் காயமுற்று விழுந்தார். உடலுக்குப் போதாத சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு டொனால்ட் களம் புகுந்தார். அதற்கு முன்னர் உதைத்த பிறி வீப்புவின் உதைகள் தவறியிருந்தன. பிற்பாதித் தொடக்கத்தில் ஒரு தண்டனை உதை கிடைத்தது. டொனால்ட் உதைத்தார், பந்து கம்பங்களுக்கிடையே சென்றது. சிறிது நேரத்தில் பிரான்ஸ் 7 புள்ளிகள் பெற்றது. ஆட்டம் 8க்கு 7 என்று முடிந்தது. இருபத்து நான்கு ஆண்டுகளாகக் கைக்கு எட்டாதிருந்த கிண்ணம், நாடு நகைத்த மனிதனின் காலால் அந்நாட்டை அடைந்தது. நீக்க வேண்டுமென்று கூறப்பட்ட ஹென்றியே அன்றைய பயிற்சியாளர்.

நேயர்களே, இக்கதையைக் கேட்போர், பழி சுமந்தவன் இறுதியிற் பெருமை பெற்றான் என்று மகிழ்ந்து அமைவர். நான் அவ்வாறு அமைய விரும்பவில்லை. அந்த உதையும் தவறியிருந்தால்? டொனால்ட் தவறான மனிதராகிவிடுவாரா? ஹொங்கொங்கில் உதைத்ததும் அதே கால். ஒக்லண்டில் உதைத்ததும் அதே கால். முன்னைய உதை அவரை அற்பர் ஆக்கவில்லை; பின்னைய உதை அவரைப் பெரியவர் ஆக்கவுமில்லை. அவை இரண்டும் இரண்டு உதைகள். அவற்றைப் பற்றி விடியும்வரை வாதாடலாம். அவரைப் பற்றித் தீர்ப்புக் கூற அவை போதா.

அன்று கடைத்தெருவிலே கூறப்பட்ட வசை கடைத்தெருவோடு ஒழிந்தது. இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு கருவி இருக்கின்றது. வசை ஒரு நொடியில் உலகைச் சுற்றி உரியவரின் படுக்கையறைக்கே போய்ச் சேர்கின்றது. 2023ஆம் ஆண்டு இறுதி ஆட்டத்துக்கு நடுவராக இருந்தவர், முன்னே கூறிய அதே வேய்ன் பார்ன்ஸ். தொலைக்காட்சி நடுவராக இருந்தவர் டொம் போலி. நியூசிலாந்து வைத்த ஒரு ட்றை, முன்னர் நேர்ந்த தவறு ஒன்றின் காரணமாக நீக்கப்பட்டது. அதன் பின் போலிக்கும் அவர் குடும்பத்துக்கும் வந்த வசைகளும் அச்சுறுத்தல்களும் அளவிறந்தன. சில வாரங்களில் அவர் சர்வதேச ஆட்டங்களிலிருந்து விலகிக்கொண்டார். ஒரு தீர்ப்பு சரியா பிழையா என்ற நல்ல வழக்கு, ஒரு குடும்பத்தின் உறக்கத்தைக் கெடுத்துத் திறமையான நடுவர் ஒருவரை அகற்றுவதில் முடிந்தது.

இவற்றையெல்லாம் தூரத்து மக்களின் குற்றமாக நான் கூறவில்லை. என் குற்றத்தையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நான் அதிபராயிருந்த பாடசாலையின் உதைபந்தாட்ட அணி, வட்டாரப் போட்டியொன்றில் ஒரு தண்டனை உதை தவறியதால் தோற்றது. மைதானத்து ஓரத்தில் நின்ற நான், “இவனை யார் தெரிவு செய்தது?” என்று உரத்துக் கேட்டுவிட்டேன். அது வினாவன்று, தீர்ப்பு என்பதை அருகே நின்ற மாணவர் உடனே உணர்ந்துகொண்டனர். மறுநாட் காலை வகுப்பறைக் கரும்பலகையில் அவ்வாக்கியம் அப்படியே எழுதப்பட்டிருந்தது. அதன் கீழே அம்மாணவனின் பெயர். அவன் மூன்று நாள் பாடசாலைக்கு வரவில்லை. பின்பு வந்தான், ஆனால் பந்தைத் தொடவில்லை. நான் அவனை அழைத்து வருத்தம் தெரிவித்தேன். அவன் மரியாதையோடு கேட்டுக்கொண்டான். மறுபடி ஆட வரவேயில்லை. கரும்பலகையில் எழுதிய மாணவரைத் தண்டிக்க எனக்கு மனம் இடந்தரவில்லை. அவர்கள் எழுதியது என் சொல்லையன்றோ?

அன்று மாலை தனித்திருந்து எண்ணியபோது எனக்குத் தோன்றியது இது. நமது பொதுப் பரீட்சையில் மாணவனின் விடைத்தாளிலே அவன் பெயர் இருப்பதில்லை. சுட்டெண் மட்டுமே இருக்கும். திருத்துபவர் விடையைப் பார்க்கின்றார். பிழையை இரக்கமின்றிப் பிழை என்கின்றார். புள்ளியைக் குறைக்கின்றார். ஆனால், எழுதியவன் எவன், எத்தகையவன் என்பது பற்றி ஒரு சொல்லும் எழுதுவதில்லை. எழுத அவருக்கு அதிகாரமும் இல்லை. எத்துணை நேர்மையான முறை! மைதானத்திலே நாம் கண்ட உதையையும் ஓட்டத்தையும் அவ்வாறே திருத்துவோமாக. அந்த வேளையில் பந்தை உதைத்தது பிழை என்று அஞ்சாது கூறலாம். எழுவரை வைத்தது தவறு என்று நாளெல்லாம் வாதாடலாம். நடுவர் காணத் தவறிவிட்டார் என்று எடுத்துக்காட்டலாம். ஆனால், விடையைத் திருத்தும் மையினாலே மனிதனின் பெயரைக் கோடிட்டு வெட்டலாகாது.

வாதம் ஒழிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாதமில்லாத ஆட்டம் மறுநாளே மறக்கப்படும். அந்த ஆறு அங்குலத்தைப் பற்றி மக்கள் இத்தனை காலம் பேசியிராவிட்டால், இருபத்து நான்கு வயதில் மறைந்த டீன்ஸின் பெயரை இன்று யார் அறிவார்? அவ்வழக்கிலே வேல்ஸ் நாட்டவர் டீன்ஸை இகழ்ந்ததில்லை. தம் நாட்டுக்கு எதிராகவே சாட்சி கூறிய மோர்கனின் பெருந்தன்மையும் அவ்வழக்கிலேதான் இருக்கின்றது. அடுத்த முறை ஆட்டம் முடிந்தபின், நண்பரோடு வழக்காடத் தொடங்குமுன், நம் வாயிலே வரும் சொல் விடையைப் பற்றியதா, பெயரைப் பற்றியதா என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமாக. மைதானத்து ஓரத்தில் நம் பக்கத்திலே நின்று நம் சொல்லைக் கேட்டுக்கொண்டிருக்கும் சிறுவர் பலர்.